தடை போட்டால் மட்டும் மீன் திரும்பிவிடுமா?

கடலடி:
"பிடிக்கிறதை நிறுத்தினா மீன் தானா பெருகும்" என்று போன திரியில் பலர் எழுதியிருந்தீர்கள். வட ஐரோப்பாவிலுள்ள பால்டிக் கடலின் கிழக்குப் பகுதியில் வாழும் காட் (cod) மீனைப் பாருங்கள். 2019-ல் தடை வந்தது, அந்த இனம் இன்னும் தலைதூக்கவில்லை. காட் முட்டை மிதக்க லிட்டருக்குச் சுமார் 14 கிராம் உப்பு வேண்டும். அங்கே மேல்நீரில் இருப்பது 7, 8 கிராம்தான். முட்டை இறங்கி இறங்கி, உப்புக் கூடிய அடியடுக்கில் போய் நிற்கிறது. அங்கே பல இடங்களில் ஆக்சிஜன் போதாது. குஞ்சு பொரிக்கும் முன்பே செத்துவிடுகிறது.

வலைக்காரன்:
உப்பின் மேல் பழி போடுவது சுலபம், நண்பரே. 2014 டிசம்பரில் வடகடல் பக்கமிருந்து உப்புநீர் வெள்ளமாக உள்ளே வந்ததே, 1880 முதல் பதிவானவற்றில் மூன்றாவது பெரியது. உப்பும் வந்தது, ஆக்சிஜனும் வந்தது. காட் மீண்டதா? 1990-களின் தொடக்கத்தில் 40 செ.மீ. வளர்ந்து சினைப்பட்ட மீன், இப்போது 20 செ.மீ.யிலேயே சினைப்படுகிறது. பெரிய தாய்மீனின் முட்டைதான் பெரிதாக இருக்கும், நன்றாக மிதக்கும். அந்தத் தாய்களைத்தான் முதலில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

நன்னீர்:
கடலடி சொல்வதைப் படித்தால் உப்பு ஏறினாலே நல்லது என்று தோன்றும். மத்திய ஆசியாவின் உப்பு ஏரியான ஆரல் கடலில் நடந்தது தலைகீழ். 1960-ல் லிட்டருக்குச் சுமார் 10 கிராம். ஆற்றுநீரைப் பருத்திக்குத் திருப்பிவிட, உப்பு ஏறிக்கொண்டே போனது. வளர்ந்த மீன் ஓரளவு தாங்கும். முட்டையும் குஞ்சும் தாங்காது. 1980-களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழிலே நின்றுபோனது. 2005-ல் கோக்-ஆரல் அணை கட்டி, அங்கே வந்து சேரும் சிர் தார்யா ஆற்றின் நீரை வடபகுதியில் தேக்கினார்கள். உப்பு இறங்கியது, கெண்டை இனங்கள் திரும்பின.

வலைக்காரன்:
எங்கிருந்து திரும்பின? ஆற்றிலும் அதையொட்டிய ஏரிகளிலும் பிழைத்துக்கிடந்த மீன்கள் அவை. அதையும் துடைத்து எடுத்திருந்தால் அணை கட்டி என்ன கண்டிருப்போம்?

கடலடி:
தாய்மீன் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? தாய்மீன் பிழைத்திருந்த ஆரலிலும், உப்பு இறங்கும் வரை கடலில் குஞ்சு பிழைக்கவில்லை. கிழக்கு பால்டிக்கில் இன்றைக்குக் காட் ஒழுங்காக முட்டையிடுவது போர்ன்ஹோம் பள்ளம் என்ற ஆழ்பகுதியில் மட்டுமே. முன்பு முட்டையிட்ட இன்னொரு ஆழ்பகுதியான கோட்லாந்து பள்ளம் கைவிட்டுப் போய்விட்டது. கடல் முழுக்க ஒரே தடை என்று எழுதிவைப்பதைவிட, ஒவ்வொரு வருடமும் எந்த ஆழத்தில் உப்பும் ஆக்சிஜனும் சேர்ந்து இருக்கின்றன என்று அளந்து, அந்த நீரை முதலில் காக்கச் சொல்கிறேன். தாய்மீன்கள் கூடுவதும் அங்கேதான்.