மகன் பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன் என்கிறான், என் கையிலேயே ஒன்று இருக்கும்போது என்ன சொல்வது?

புதுவயல்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 51 வயது, மகனுக்கு 19. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "அம்மா, அப்பா கையெழுத்தைக் கையில பச்சை குத்திக்கப் போறேன்" என்றான். அவன் அப்பா லாரி ஓட்டியவர், தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அரிசி ஆலையில் லோடு ஏற்றும் நோட்டில் நாளுக்கு ஒரு கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார், அதில் ஒன்றை வெட்டியெடுத்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு அலைகிறான்.

வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சோறு போடுகிற என் கையிலேயே பச்சை இருக்கிறதே. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். பச்சை குத்துகிற அம்மா தெருவுக்கு வந்திருந்தார். அப்பத்தா என்னைத் திண்ணையில் மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அந்த அம்மா மூன்று நான்கு ஊசியை நூலால் சேர்த்துக் கட்டி, சிரட்டையில் கரைத்த கரியைத் தொட்டுத் தொட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினார். நான் அழக்கூடாது என்றுதான் பாட்டு, ஆனாலும் அழுதேன். முடிந்ததும் மஞ்சள் பூசிவிட்டு, ஒரு படி அரிசியும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு போனார். செத்தால் நகை நட்டு கூட வராது, பச்சைதான் வரும் என்பார் அப்பத்தா. அவர் கழுத்தில் நகை என்று ஒன்றும் இருந்ததில்லை.

என்னை யாரும் கேட்டுக் குத்தவில்லை. காரைக்குடியில் ஜவுளிக்கடை வேலைக்குப் போன புதிதில், சேலையை விரித்துக் காட்டும்போதெல்லாம் கையைக் கவிழ்த்தே வைத்துக்கொள்வேன், பட்டிக்காடு என்று நினைப்பார்களோ என்று. இப்போது அதே கையைப் பார்த்து, "அக்கா, இந்தக் கோலம் நல்லா இருக்கே, எங்க போட்டீங்க" என்று சின்னப் பிள்ளைகள் கேட்கிறார்கள். குத்திக்கொண்டவர்கள் ஏன் குத்திக்கொண்டீர்கள், வேண்டாம் என்று இருப்பவர்கள் ஏன் இருக்கிறீர்கள், கொஞ்சம் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

கோட்டையூர்க்காரன்:
அக்கா, முதலில் தம்பி என்ன வேலைக்குப் போகப் போகிறான் என்று கேளுங்கள். என்னோடு படித்த சிநேகிதன் கிணற்றில் விழுந்து இறந்துபோனான். அவன் பெயரை வலது கையில் தோளுக்குக் கீழே குத்திக்கொண்டேன், அப்போது 20 வயது. அடுத்த வருஷம் மத்திய காவல் படைக்கு எழுதி, ஓடி, எல்லாவற்றிலும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் சட்டையைக் கழற்றச் சொன்னபோது முடிந்தது. அந்தப் படைகளில் கடவுள் உருவமோ பெயரோ குத்தியிருக்கலாம், ஆனால் இடது முன்கையின் உட்பக்கமோ புறங்கையோதான் இருக்க வேண்டும், அதுவும் அந்தப் பாகத்தில் கால் பங்குக்கும் குறைவாக. வலது கை சல்யூட் அடிக்கிற கை என்பதால் கூடாது. இதெல்லாம் அறிவிப்பிலேயே இருந்தது, நான்தான் வாசிக்கவில்லை.

லேசரில் எடுக்கப் போனேன். ஒரே தடவையில் போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். லேசர் மையைச் சின்னச் சின்னத் துகளாக உடைக்கும், அதை உடம்புதான் மெதுவாக வெளியேற்ற வேண்டும், அதனால் ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஒன்றரை மாதம் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. எட்டுத் தடவை போனேன். குத்தியதைவிட வலி அதிகம், செலவு பல மடங்கு. அதற்குள் எனக்கு 23 வயது தாண்டி, படையில் சேர்கிற வயதும் போய்விட்டது. இப்போதும் வெயிலில் நின்றால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது, முதல் இரண்டு எழுத்தை வாசிக்கலாம். பெயரை அழிக்க நானே காசு கொடுத்தேனே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

தேவகோட்டை_செவிலி:
குத்தலாமா கூடாதா என்பது வீட்டு விஷயம், ஊசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியை வரிசையாகப் பத்துப் பேருக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் காமாலை பி, சி இரண்டும் ரத்தத்தில் பரவுகிறவை, எச்ஐவியும் அப்படித்தான். ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், மையைப் பெரிய புட்டியிலிருந்து சின்னக் கிண்ணத்தில் உங்களுக்கென்று ஊற்ற வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது, போடாதவனாக இருந்தால் போட்டுக்கொண்டு போகட்டும். குத்தியபின் ஒரு வருஷம் ரத்ததானம் செய்ய முடியாது, இது பலருக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. பழைய தழும்பு, தடுப்பூசி போட்ட இடம் எங்கேயாவது மேடாகத் தடித்து வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பச்சையும் கோடு கோடாகத் தடிக்கலாம், நான் குத்தவே வேண்டாம் என்பேன். ஆறுகிற இரண்டு மூன்று வாரத்துக்கு ஊருணியில் குளிக்கக் கூடாது. சரி, அதற்குப் பதில் கறுப்பு மருதாணி வைத்துக்கொள்கிறேன் என்று கிளம்பினால் அதையும் தடுங்கள். அதில் பெரும்பாலும் முடிச்சாயத்தின் ரசாயனத்தைக் கலக்கிறார்கள், கை முழுக்கக் கொப்பளித்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஊசிக்கை_காரைக்குடி:
நான் இந்தத் தொழில்தான். 18 ஆகாதவர்களுக்குப் போடுவதில்லை, காதலர் பெயர் என்றால் மூன்று மாதம் கழித்து வரச் சொல்வேன், திரும்பி வருகிறவர்கள் குறைவு. கொப்புடையம்மன் திருவிழா சமயத்தில் வேலும் மயிலும் கேட்டு நிறையப் பேர் வருவார்கள். குழந்தையின் பாதத்தடம் கேட்டு வருகிறார்கள், தீக்காயத் தழும்பை மறைக்க வருகிறார்கள். தழும்பின் மேல் பூ போட்டுக்கொண்டு போன ஒரு பெண், பல வருஷத்துக்குப் பிறகு அரைக்கை ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்ன நாளை நான் மறக்க மாட்டேன்.

கையெழுத்து விஷயத்தில் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும், மை அதற்கு அடியில் உள்ள தோலில்தான் தங்குகிறது, அங்கேயும் வருஷம் போகப் போகக் கொஞ்சம் பரவும். அம்மா கையில் கறுப்புக் கரி பச்சையாகத் தெரிவதும் மேல்தோலின் ஊடாகப் பார்ப்பதால்தான். கையெழுத்தில் சுழி நெருக்கமாக இருந்தால் பத்து வருஷத்தில் அடைந்துபோய் ஒரே பொட்டாகிவிடும். நகல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கட்டும், மூலத்தாளை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

ஆத்தங்குடி_கல்:
நான் குத்திக்கொள்ளாதவன். ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறோம், எங்கள் வேலையே டிசைன்தான். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் சாயம் கலந்த சிமெண்ட் பாலை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறோம். 25 வயதில் நானே யோசித்து ஒரு பூ போட்டேன், ஊரையே அதில் பாவிவிடலாம் போல இருந்தது. இன்று ஒரு வீட்டு முகப்பில் அந்தக் கல்லைப் பார்த்தால் கலர் உறுத்துகிறது, ஆனால் அந்த வீட்டுக்காரர் நினைத்தால் பெயர்த்துவிடலாம். என் ரசனை எனக்கே நிற்கவில்லை, அதை உடம்பில் எழுத மனசு வரவில்லை. ஆனால் அம்மா, அப்பா கையெழுத்து ரசனை இல்லையே. அதற்கு நான் சொன்னது பொருந்துமா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது.

புதுவயல்_அம்மா:
எல்லாவற்றையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கோட்டையூர்த் தம்பி எழுதியதற்கு மட்டும் பதிலே பேசவில்லை, ரொம்ப நேரம் கழித்து, "போலீஸ் பரீட்சை முடியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றான். அவன் எழுதப் போகிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, இனியும் சொல்லப் போவதில்லை. என்னைத்தான் யாரும் கேட்கவில்லை, இவனாவது தானாக முடிவெடுக்கட்டும். நோட்டை முழுசாக நகல் எடுத்து வந்திருக்கிறோம். அவன் வெட்டியெடுத்த கையெழுத்தின் இடத்தில் மட்டும் ஓட்டை.

படுக்கும் முன் என் கையை விளக்குக்கு நேரே பிடித்துப் புள்ளிகளை எண்ணினான். நான் இத்தனை வருஷமாக ஏழு என்றே நினைத்திருந்தேன். முழங்கை மடிப்புக்குள் இன்னும் இரண்டு இருக்கிறதாம்.