கொடிக்குருதி: படிவத்துக்கு ஏற்ற சொல் எது?

அன்புடையீர்,

பிரசவம் முடிந்ததும் தொப்புள்கொடியிலிருந்து ரத்தத்தைப் பையில் எடுத்து, பிற்காலச் சிகிச்சைக்காகச் சேமிக்கிறார்கள். அதற்கு மதுரை வட்டார மகப்பேறு மனைகளில் தாய்மார் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்துக்குச் சொற்கள் வேண்டும். ‘தொப்புள் ரத்தம்’, ‘நஞ்சுக்கொடி ரத்தம்’, ‘கொடிக்குருதி’ என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன.

முதல் இரண்டையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ‘தொப்புள் ரத்தம்’ என்றால் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பிள்ளையின் தொப்புளில் ரத்தம் கசிகிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். அது உடனே மருத்துவரிடம் காட்டவேண்டிய கோளாறு. ‘நஞ்சு’ என்ற சொல் வந்தாலோ, நஞ்சு விழுந்தபின் தாய்க்கு ஏற்படும் உதிரப்போக்கு நினைவுக்கு வரும். பையில் சேர்வது தாயின் ரத்தமே அல்ல. கொடியை வெட்டிய பிறகு கொடியிலும் நஞ்சிலும் தங்கிவிடும் சேயின் ரத்தம் அது. கட்டுரைகளில் ‘கொடிக்குருதி’ என்றும் படிவத்தில் ‘தொப்புள்கொடி ரத்தம்’ என்றும் எழுதலாம். சேமிக்கும் முறைக்கு ‘உறைகாப்பு’ போதுமா?

—

> சேமிக்கும் முறைக்கு ‘உறைகாப்பு’ போதுமா?

போதாது ஐயா. இந்த வேலையில் ‘உறைதல்’ இரண்டு இடத்தில் வருகிறது, அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. முதல் இடத்தில் உறையவே கூடாது, கடைசி இடத்தில் உறைந்தே ஆகவேண்டும்.

கொடியில் தமனி இரண்டு, சிரை ஒன்று. பிள்ளையைப் பிரித்தபின் தாய்ப்பக்கக் கொடியை கிருமிநாசினியால் துடைத்து, சிரையில் ஊசியைச் செருகி, பையைத் தாழ்வாகப் பிடித்தால் ரத்தம் தானாக வடியும். சில நிமிட வேலைதான். பெரும்பாலும் 60 முதல் 120 மில்லி கிடைக்கும். பையில் சிட்ரேட் கலந்த கரைசல் முன்பே இருக்கும். ரத்தம் இறங்க இறங்கப் பையை மெதுவாக ஆட்டிக் கலக்கவேண்டும், இல்லையென்றால் கட்டி தட்டிவிடும். இந்த ரத்தத்தைச் சேமிப்பதே அதிலுள்ள குருத்தணுக்களுக்காக, அதாவது புது ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களுக்காக. கட்டிக்குள் சிக்கியவற்றை மீட்க முடியாது. தாமதித்தால் கொடிக்குள்ளேயே ரத்தம் கட்டிவிடும். இதைத்தான் எல்லோரும் ‘ரத்த உறைவு’ என்கிறோம்.

ஆய்வகத்தில் நடப்பது வேறு. சிவப்பணுவையும் பிளாஸ்மாவையும் பெருமளவு நீக்கி, பனியிலிருந்து அணுவைக் காக்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடை ஏறத்தாழ 10 விழுக்காடு இருக்கும்படி சேர்த்து, நிமிடத்துக்குச் சுமார் 1 டிகிரி வீதம் குளிர்விப்பார்கள். அவசரப்பட்டால் அணுவுக்குள் பனிப்படிகம் முளைத்துச் சவ்வைக் கிழித்துவிடும். பிறகு திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி. இதற்கும் ‘உறை’ என்றே பெயர் வைத்தால், ‘உறையாமல் பார்த்து உறைகாப்புக்கு அனுப்புக’ என்று செவிலியருக்கு எழுத நேரும்.

‘குளிர்காப்பு’ அதைவிட மோசம். சித்திரை வெயிலில் பை கெட்டுவிடுமே என்ற அக்கறையில் அதை ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பிரசவ அறையிலிருந்து பை அறைவெப்பத்தில்தான் போகவேண்டும். வெயிலில் நிற்கும் காரிலும் கிடக்கக்கூடாது, ஐஸிலும் படக்கூடாது. சென்னை ஆய்வகம் என்றாலும் 48 மணி நேரத்துக்குள் பதப்படுத்தத் தொடங்கிவிடுவது நல்லது.

என் பரிந்துரை: சிட்ரேட் வேலைக்கு ‘கட்டித்தடுப்பு’, நைட்ரஜன் வேலைக்கு ‘கடுங்குளிர்க் காப்பு’. ‘கட்டி’ என்ற சொல் வார்டில் ஏற்கெனவே புழங்குவதுதான்.

—

அக்கா சொன்ன இரண்டையும் ஏற்கிறேன். ‘கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டினார்களே, அதற்கான சொல்லையே எடுத்தால் என்ன?’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். பாசத்தோடு செய்யும் வழக்கம் அது, மதிக்கிறேன். ஆனால் காய்ந்து விழுந்த கொடித்துண்டில் உயிருள்ள அணு எதுவும் மிஞ்சாது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் படிப்பவரைத் தவறான நம்பிக்கைக்குக் கொண்டுபோய்விடுவோம்.

எனக்குள்ள பெரிய கவலை ‘வங்கி’ பற்றியது. ரத்த வங்கி என்றால், யாரோ கொடுத்து யாருக்கோ போவது என நம் மக்களுக்குத் தெரியும். பொதுக் கொடிக்குருதி வங்கிக்கு அந்தச் சொல் அப்படியே பொருந்தும். தனியார் நிறுவனத்தில் பணம் கட்டித் தன் பிள்ளைக்கென்று வைப்பதற்கும் அதே பெயரா? தலசீமியா போன்ற பரம்பரை நோய் பிள்ளைக்கு வந்தால், அதே மரபணுக் குறை அவன் கொடிக்குருதியிலும் இருக்கும். தன் ரத்தமே தனக்கு உதவாது. 1988இல் பாரிஸில் நடந்த முதல் கொடிக்குருதி மாற்றுச் சிகிச்சையிலும் நோயுற்ற சிறுவனுக்குக் கொடுத்தது அவன் தங்கையின் ரத்தம். பிற்காலத்தில் தனக்கே பயன்படும் என்று கட்டணம் கட்டி வைப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சொல்லியிருக்கிறது. வீட்டில் மூத்த பிள்ளைக்கு இத்தகைய மாற்றால் தீரும் நோய் இருந்தால் கதை வேறு, அங்கே சேமிப்பது நியாயம்.

அளவும் முக்கியம். பெறுபவரின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி உட்கரு உள்ள அணுக்கள் வேண்டும் என்பது பரவலாகக் கொள்ளும் கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 25 கோடி, 50 கிலோ ஆளுக்கு 125 கோடி. பல பைகளில் பெரியவருக்குப் போதுமான அளவு இருக்காது.

ஆகவே பொதுவானதற்கு ‘கொடிக்குருதி வங்கி’, கொடுப்பதற்கு ‘கொடிக்குருதிக் கொடை’, தனியார் வழிக்குக் ‘கட்டண வைப்பு’. ‘காப்பகம்’ வேண்டாம், ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம் நினைவுக்கு வருகிறது.

படிவத்தில் ஒரு வரியும் சேரவேண்டும். கொடியைக் கிளாம்ப் போடும்முன் குறைந்தது 1 நிமிடமாவது பொறுக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பொறுத்தால் பிள்ளைக்கு ரத்தமும் இரும்புச்சத்தும் கூடும், பைக்கு வருவது குறையும். வரியை இப்படி முன்மொழிகிறேன்: ‘பையை நிரப்புவதற்காகக் கொடியை முன்கூட்டி வெட்டமாட்டோம். குறைவாகக் கிடைத்தாலோ கட்டி தட்டினாலோ இந்த ரத்தம் பயன்படாமல் போகலாம்.’