புதுப்பிப்பு: ஸ்டார்ட் ஆகாத கார், கோளாறு பம்பில் இல்லை

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிளக்கில் ஸ்பார்க் வருகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃபியூயல் பம்பை மாற்றச் சொல்லிப் பதில் எழுதினீர்கள். நல்லவேளை, அவசரப்பட்டு வாங்கவில்லை.

சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் ஓரிரு விநாடி கேட்க வேண்டிய பம்ப் சத்தம் கேட்கவே இல்லை. ஃபியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) இரண்டும் சரி. அப்புறம் மனைவியைச் சாவியைத் திருப்பச் சொல்லி, பம்ப் கனெக்டரில் மின்சாரம் வரும் முனையில் மல்டிமீட்டரின் (வோல்ட் அளக்கும் கருவி) சிவப்பு முனையை வைத்தேன். கறுப்பு முனையைக் காரின் பாடியில் வைத்தால் 12 வோல்ட்; கனெக்டரின் எர்த் முனையில் (மின்சாரம் பாடிக்குத் திரும்பும் வழி) வைத்தால் பூஜ்யம்! அதாவது மின்சாரம் வருகிறது, திரும்பும் வழிதான் அறுந்திருக்கிறது. அந்த எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், கார்பெட்டுக்கு அடியில் எர்த் போல்ட் பச்சைப் பாசி போல அரித்துக் கிடந்தது. பெட்ரோல் ஆவி இருக்கும் இடம், அதனால் முதலில் பேட்டரியைக் கழற்றினேன். போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கி, பேட்டரியைத் திரும்ப மாட்டியதும், இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.