புதுப்பிப்பு: வயலின் பரீட்சை முடிந்தது

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை நெருங்க நெருங்க மகள் வயலினைத் தொடமாட்டேன் என்கிறாள், நிறுத்திவிடவா என்று 2 மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை. ஒரு மணிநேரச் சாதகத்தை (பயிற்சியை) காலை 15, மாலை 15 நிமிடமாக்கினோம்.

அறிமுறைக்கு, 7 தாளம், ஜாதி எனும் 5 எண்ணிக்கை வகையால் 35 ஆவதைத் திருகோணமலை உவர்மலை ஏற்றத்தில் நடந்தபடியே கையால் போட்டுப் பழகினாள். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள், பரவாயில்லை.

உண்மையில் சிக்கல் வேறு. கடற்காற்றின் ஈரத்தில் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) இறுகி, சுருதி சேர்க்க முடியாமல்தான் பிள்ளை அழுதிருக்கிறாள். நானோ சோம்பல் என்று ஏசியிருக்கிறேன்! ஆசிரியை பிருடையைக் கழற்றிப் பென்சில் கரி பூசினார், சரியாகிவிட்டது.

செய்முறை போன சனிக்கிழமை. ஜண்டைவரிசையில் (ஸ்வரங்களை இரட்டித்து வாசிக்கும் பயிற்சி) ஓரிடம் தடுமாறினாளாம். பெறுபேறு இன்னும் வரவில்லை. அப்புறம், அப்போது மேலதிக வகுப்புக்கு அனுப்பச் சொன்ன அண்ணா, அனுப்பவில்லை, கோபிக்காதீர்கள்.