வளைவைப் பார்த்தால் வயிறு நிறையுமா?

சாட்ஸ்வொர்த்காரன்:
நேற்று ராத்திரி நம் டர்பனில் மோசஸ் மபிடா கால்பந்து அரங்கத்தைத் தாண்டி காரில் வந்தேன். 106 மீட்டர் உயர வளைவு முழுக்க விளக்கு. உள்ளே ஆட்டமும் இல்லை, கச்சேரியும் இல்லை. 2010இல் நம் தென்னாப்பிரிக்காவில் நடந்த கால்பந்து உலகக் கோப்பைக்காக 300 கோடி ராண்டுக்கு மேல் கொட்டிக் கட்டியது. அங்கே நடந்தவை ஏழே ஆட்டங்கள். கல்லெறி தூரத்தில் கிங்ஸ் பார்க் ரக்பி அரங்கம் ஏற்கெனவே இருந்தது. 1995 ரக்பி உலகக் கோப்பை அரையிறுதிக்கு முன்னால் பெண்கள் துடைப்பத்தால் மழைத் தண்ணீரைத் தள்ளினார்களே, அதே இடம். ஷார்க்ஸ் அணி இன்றும் அங்கேதான் ஆடுகிறது. டர்பனுக்கு எதற்கு இன்னொன்று? எங்கள் தெருப் பையன்கள் ஆடும் இடத்தில் கோல் கம்பத்துக்கு வலை இல்லை. வெங்காயச் சாக்கைப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள்.

உம்லங்கா மருமகள்:
அண்ணே, கணக்கை ஏழோடு ஏன் நிறுத்துகிறீர்கள்? 2013 ஆப்பிரிக்கக் கோப்பை ஆட்டங்கள் அங்கே நடந்தன. 2018, 2022 காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம் அங்கேதான் முடிந்தது. அப்புறம் 2011 ஜனவரி 9. கால்பந்து அரங்கத்தில் கிரிக்கெட்! நம் பந்துவீச்சாளர் மகாயா ந்டினி விடைபெறும் ஆட்டம், இந்தியாவுக்கு எதிராக. அப்பா நீலச் சட்டை, தம்பி பச்சைச் சட்டை. நம் ஊரில் பாதி வீடுகளில் அன்று இதே கதைதானே! இந்தியா 21 ரன்னில் ஜெயித்தது. வீடு வரும்வரை இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கூட்டத்தைக் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானம் தாங்கியிருக்குமா?

கரீஸ் ஃபவுண்டன் தாத்தா:
நிறவெறிக் காலத்தில் எங்களுக்குப் பந்தாட்டம் என்றால் கரீஸ் ஃபவுண்டன் மைதானம்தான். இன்று என் பேரன் எந்த வரிசையில் வேண்டுமானாலும் உட்காரலாம். வளைவுக்கு ஒரு பக்கம் இரண்டு கால், மறுபக்கம் ஒன்று. பிரிந்து கிடந்த நாடு சேர்ந்ததற்கு அடையாளமாம். எனக்குப் பிடித்திருக்கிறது அம்மா, மறைக்க மாட்டேன். ஆனாலும் ஒன்று. நம் நாட்டுக் கால்பந்துத் தொடரான பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய 1996-97இல் முதல் பட்டம் வாங்கியது மேனிங் ரேஞ்சர்ஸ், நம் சாட்ஸ்வொர்த் அணி. வளைவா இருந்தது அப்போது?

ஸ்பீக்கர் தம்பி:
கச்சேரியை யாரும் பேசவில்லையே. மேடை கட்டுவதுதான் என் வேலை. லாரி உள்ளே வரும் முன் புல் மேல் பிளாஸ்டிக் பலகை பரப்ப வேண்டும். மூன்று நாள் மூடிக் கிடந்தால் அடியில் புல் மஞ்சளாகி, கையால் இழுத்தாலே வந்துவிடும். அடுத்த சனிக்கிழமை பந்தாட்டம் இருந்தால் புல் பார்ப்பவர் எங்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! அந்தத் திட்டு வாங்கக்கூட வாய்ப்பு குறைவு. 2011இல் யூ2 இசைக்குழு ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் பாடிவிட்டுப் போனார்கள். 2019இல் பாடகர் எட் ஷீரனும் அப்படியே. டிக்கெட் விற்கும் ஊருக்குத்தான் பெரிய மேடை வரும். அரங்கம் மட்டும் இருந்தால் போதாது.

சாட்ஸ்வொர்த்காரன்:
அதைத்தானே நானும் கத்துகிறேன்! தேவைப்பட்டால் 85,000 பேர் வரை கூட்டலாம் என்று திட்டம் போட்டார்கள். 2022 காமன்வெல்த் போட்டி நம் கைக்கு வந்து, 2017இல் பறிபோனது. பர்மிங்காமில் நடத்தினார்கள். பந்தல் போட்டாச்சு, மாப்பிள்ளை வரவில்லை.

உம்லங்கா மருமகள்:
மாப்பிள்ளை வராதது பந்தலின் குற்றமா? பணத்துக்கு உறுதி தர முடியாமல் போனதுதான் காரணம். இப்போது என்ன, இடிக்கவா சொல்கிறீர்கள்?

சாட்ஸ்வொர்த்காரன்:
இடிக்க யார் சொன்னது? ஆட்டமில்லாத ராத்திரியில் விளக்கை அணையுங்கள். அந்தக் காசில் வலை வாங்குங்கள்.

ஸ்பீக்கர் தம்பி:
அண்ணே, எங்கள் கிடங்கில் பழைய வலை இரண்டு கிடக்கிறது. கம்பம் முழு அளவா, ஐந்து பேர் ஆடும் சின்னதா?

சாட்ஸ்வொர்த்காரன்:
முழு அளவு. சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன். விளக்கு விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.