சிங்கப்பூர்ல மின்சாரக் கார் வச்சிருக்கவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பொங்கோல்வாசி:
காருல ஒரு குறையும் இல்லை. கீழே இருக்கற சார்ஜர்தான் தலைவலி. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்தா எல்லா லாட்டுலயும் வண்டி. ஒரு வெள்ளைக் காருக்கு முழுசா ஏறியாச்சு, ஆனா கேபிள் பூட்டியிருக்கு, நம்மால கழட்ட முடியாது. கைலி கட்டின மனுஷன் ஒருத்தர் லிப்டுலேர்ந்து வந்தாரு. அப்பாடான்னு இருந்துச்சு. டிக்கியைத் திறந்து குடையை எடுத்துக்கிட்டு மேலே போயிட்டாரு. குடை! எனக்கு 9 விழுக்காடுதான் மிச்சம்.

தோபாயோ அக்கா:
எங்க வீட்டுல வேற கதை. ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தாலே வண்டி வேகம் குறையும், அந்தச் சக்தி பேட்டரிக்கே திரும்பிடும்னு வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. தேக்கா போற வழியில, சிராங்கூன் ரோடு நெரிசல்ல, பின்னாடி உக்காந்த மாமியார், "ஏண்டா, காரு ஓட்டுறியா ஊஞ்சல் ஆட்டுறியா?"ன்னாங்க. சொல்லி முடிக்கல, மடியில இருந்த பூப்பையிலேயே வாந்தி. அம்மனுக்கு வாங்கின பூ. கால் எடுத்தா வேகம் குறையறதை இப்ப 'லோ'ல வச்சுத்தான் ஓட்டுறாரு, ஆனா மாமியார் பஸ்ஸுலதான் போறாங்க. அந்த பஸ்ஸும் மின்சாரம்னு நாங்க சொல்லலை.

பழைய டீசல்:
பொங்கோல்வாசி, குடைக்காரரைத் திட்டி என்ன பண்றது? புளோக்குக் கீழே பெரும்பாலும் 7.4 கிலோவாட் சார்ஜர்தான். 60 யூனிட் பேட்டரி காலியிலேர்ந்து நிறைய 8 மணி நேரம் ஆகும். நடுராத்திரி எழுந்து வந்து வண்டி மாத்துறவன் எவன்? கடைத்தொகுதிக்குப் போறப்ப வேகமான சார்ஜருல போட்டுக்கோங்க, காசு கூடத்தான். தினமும் 80 விழுக்காட்டோட நிறுத்துங்க. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரின்னா அப்பப்ப முழுசா ஏத்தணும், கையேட்டைப் பாருங்க. பெட்ரோல் மிச்சம்னு துள்ளுறவங்க, சாலை வரியோட வருஷத்துக்கு 700 வெள்ளி கூடுதலாக் கட்டுறதையும் சேர்த்துச் சொல்லணும். மின்சாரக் கார் வாங்குறவங்களுக்கு அரசாங்கம் தர்ற ஊக்கத்தொகை உச்சவரம்பும் 20,000 வெள்ளியா இருந்தது 2024ல 15,000 ஆச்சு. தரைவீட்டுக்காரங்களுக்கு வேணா லாபம், வீட்டு மின்சாரத்துலயே ஏத்திக்கலாம். நம்மள மாதிரி வீவக (அரசாங்க அடுக்குமாடி) ஆளுங்க கணக்குப் போட்டுத்தான் இறங்கணும். நான் இன்னும் வாங்கலை, இப்ப இருக்கற காரோட சிஓஇ (கார் வச்சுக்கற உரிமைச் சான்றிதழ்) முடியட்டும்.

தோபாயோ அக்கா:
வாங்காமலேயே இவ்வளவா அண்ணே!

உட்லண்ட்ஸ் தம்பி:
ஜொகூர் போறவங்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கு. பெட்ரோல் காருன்னா முக்கால் டேங்க் இல்லாம எல்லை தாண்ட விடமாட்டாங்க. அன்னிக்கு அதிகாரி மீட்டரைப் பார்க்கக் குனிஞ்சாரு, முள்ளைக் காணோம், சிரிச்சுக்கிட்டே போன்னு கையைக் காட்டிட்டாரு. அந்தக் கெத்து தீபாவளிக்குக் கோலாலம்பூர் போறப்ப வழியில பாகோ சார்ஜர் வரிசையிலேயே இறங்கிடுச்சு. முன்னாடி வரிசையா சிங்கப்பூர் வண்டிங்க, பின்னாடி பிள்ளைங்க அழுகை, முறுக்கு டப்பா அங்கேயே காலி. 350 கிலோமீட்டர்தான், நிறைச்சுக்கிட்டுத்தான் கிளம்பினேன், ஆனா ஏசியும் ஹைவே வேகமும் பேட்டரியைக் குடிக்குது. அடுத்து பினாங்கு போகணும்னு வீட்டுல கேக்குறாங்க. பண்டிகை நேரத்துல போனவங்க எங்கெங்க நிறுத்தினீங்க?