வெந்நீர்ச் சுழற்சிப் பம்பை நாள் முழுவதும் ஓடவிட வேண்டுமா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
வணக்கம். மொட்டைமாடிச் சூரிய வெந்நீர்த் தொட்டியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்குக் குழாய் 15 மீட்டர் நீள்வதால், ஆறிய நீரை வீணாகக் கொட்டாமல் இன்னொரு குழாய் வழியே தொட்டிக்கே திருப்பியனுப்ப 25 வாட் சுழற்சிப் பம்பு பொருத்தினோம். அது இரவும் பகலும் ஓடுகிறது. விடியற்காலையில் அம்மா குளிக்கப் போகும்போது தொட்டி நீரே வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. எப்படிக் கட்டுப்படுத்துவது?

இலாசுப்பேட்டை:
ஐயா, பம்பு நாளொன்றுக்கு 0.6 யூனிட்தான் எடுக்கும். பெரிய இழப்பு, இரவெல்லாம் குழாய் வழியே வெளியேறும் வெப்பமே. உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் அந்த நீளத்தில் நிற்பது ஏறக்குறைய 4.7 லிட்டர் என்பதால், நிமிடத்துக்கு 4 லிட்டர் தள்ளும் பம்புக்கு ஒன்றேகால் நிமிடம் போதும். குளியலறையில் ஓர் அழுத்து பொத்தானும் கடைசிக் குழாயருகே வெப்ப உணரியும் வைத்து, 40 டிகிரி வந்ததும் பம்பு நிற்குமாறு அமையுங்கள். எங்கள் வீட்டில் டைமர் மட்டும் இருந்தபோது, ஆளில்லாத நாள்களிலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

மஞ்சக்குப்பம், கடலூர்:
திரும்பு குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், குளியலறைக் குழாயைத் திறக்கும்போது தொட்டியின் அடியிலுள்ள குளிர்நீர் திரும்பு குழாய் வழியே வந்து கலந்துவிடும். வெப்பம் வெளியேறாமலிருக்கக் குழாய்மேல் போட்ட எங்கள் கறுப்பு நுரையுறை மாடியில் வெயில்பட்டுப் பொடிப்பொடியாக உதிர்ந்ததால், இப்போது அதன்மேல் அலுமினிய நாடா சுற்றியிருக்கிறோம்.

முத்தியால்பேட்டை:
வால்வு இல்லை. பிளம்பரை நாளை வரச் சொல்லியிருக்கிறேன், இருவருக்கும் நன்றி.